இன்று சொன்னவை: ஆகட்டும்

ஜூன் 23, திங்கள்

இன்று சொன்னவை: ஆகட்டும்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க நாமக்கல்லில் இருந்து வரும் அனிஷா இப்படித் தினமும் எழுதச் சொல்லியிருக்கிறாள். அவர் வாயில் இருந்து என்ன வருகிறதோ அதைத் தேதி போட்டுக் குறிக்க வேண்டுமாம். மாசியில் என் கணவர் ஈசுவரமூர்த்திக்குப் பக்கவாதம் வந்தது. வலது காலும் கையும் பாதி திரும்பிவிட்டன. பேச்சு திரும்பவில்லை. ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சியிருக்கிறது. காப்பி வேண்டுமா என்றாலும் ஆகட்டும், வேண்டாமா என்றாலும் ஆகட்டும். ஒரு வார்த்தைக்கு ஒரு நோட்டா என்று கேட்டேன். "மிச்ச இடத்துல நீங்க என்ன பண்ணுனீங்கன்னு எழுதுங்கக்கா" என்றாள். எழுதுகிறேன்.

நான் பண்ணியது: நான்காம் மெஷினில் முட்டை ஏற்றியது. எங்களுடையது குஞ்சு பொரிக்கும் ஹேச்சரி. அவரும் அவருடைய அண்ணன் நாச்சிமுத்துவும் பங்குதாரர்கள். கணக்கும் ஆர்டரும் என் பொறுப்பு. முட்டை மெஷினுக்குள் இருபத்தொரு நாள் இருக்கும். சூடு ஃபாரன்ஹீட் கணக்கில் நூறு டிகிரிக்குக் கொஞ்சம் கீழே நிற்க வேண்டும். ஏறினால் ஓட்டுக்குள்ளேயே கதை முடிந்தது. அதைப் பார்த்துக்கொள்ளவும், ஏறினால் மணி அடிக்கவும் அவர் ஒரு புரோகிராம் எழுதி வைத்திருந்தார். போன வாரம் நான்காம் மெஷினின் சென்சார் கெட்டது. கடையில் புது மாதிரிதான் கிடைத்தது. புதுசு சொல்வது பழைய புரோகிராமுக்குப் புரியவில்லை. எழுதியவரைக் கேட்டால் ஆகட்டும் என்கிறார்.

ஜூன் 24, செவ்வாய்

இன்று சொன்னவை: ஆகட்டும்.

புரோகிராமைத் திறந்து பார்த்தேன். டி என்ற மொழியில் எழுதியிருக்கிறார். எல்லோரும் எழுதும் மொழியில் எழுதியிருந்தால் தெருவுக்கு ஒரு பையன் கிடைப்பான். இவருக்கு ஊரோடு ஒத்துப் போகிற பழக்கம் கிடையாது. டி என்று இணையத்தில் தேடினால் வைட்டமின் மாத்திரை வருகிறது. கூடவே வெயிலில் நில்லுங்கள் என்று அறிவுரை.

நான் பி.எஸ்சி. கணிதம். காலேஜில் கம்ப்யூட்டர் ஒரு பேப்பர். அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கூடத்தில் அவர் நாற்காலிக்கு எதிரே பெரிய ஸ்கிரீன் இருக்கிறது. நாலு மெஷின் சூடும் அதில் ஓடும். அதன் பக்கத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டேன்.

முதலில் கம்ப்யூட்டரை writeln போட்டு ஒரு வணக்கம் எழுதச் சொன்னேன். writeln என்றால் என்னவென்று தெரியாது என்றது. ஆனால் அதோடு நிற்கவில்லை. மேலே import std.stdio என்று ஒரு வரி வேண்டியிருக்குமோ என்றும் கேட்டது. போட்டேன், வணக்கம் வந்தது. தப்பைச் சொல்லிவிட்டு, இதுதான் விட்டுப் போயிற்றோ என்று தன்மையாகக் கேட்கிற ஆளை இந்த வீட்டில் நான் பார்த்ததில்லை.

பெரியவர் எட்டிப் பார்த்தார். நாச்சிமுத்து மாமாவை இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வோம்.

"அத ஏன் அம்மணி நோண்டீட்டு இருக்கற? கம்பெனிக்காரன் வந்தா எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டு புதுசு வெச்சுக் குடுத்துருவான்."

"இந்த ஈடு இறங்கட்டுங்க மாமா. நடுவுல கழட்டுனா முட்டை என்னாகும்?"

"சரி, சரி. ஆடி பொறக்கறதுக்குள்ள வக்கீலையும் வரச் சொல்லியிருக்கறேன். மூர்த்தி பேரப் பார்ட்னர்ஷிப்புல இருந்து எடுத்துரலாம். அவனுக்கு இனி என்ன தெரியப் போவுது. நான் பாத்துக்கறேன், உங்களுக்குக் கொறையொண்ணும் வெக்க மாட்டேன்."

இது என் கணவர் முன்னாலேயே நடந்தது. பெரியவர் கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரியில் முதல் வாரம் முழுக்கத் தரையில் படுத்துக் கிடந்தவர். தம்பிக்குப் புத்தியும் போய்விட்டது என்று நம்புகிறார், அவ்வளவுதான். ஊரே நம்புகிறது. பார்க்க வருகிறவர்கள் அவர் தலைக்கு மேலேயே, "எத்தனை கெட்டிக்காரன், பாருங்க" என்று பேசிவிட்டுப் போகிறார்கள்.

எனக்கு எப்படியிருந்தாலும் சரிதான். மெஷினுக்கு மணி அடித்தால் போதும்.

ஜூன் 26, வியாழன்

இன்று சொன்னவை: ஆகட்டும். ஆகட்டும். (குளிக்க வைக்கும்போது. தண்ணீர் சூடு.)

புரோகிராமில் வரி முடிவில் போட வேண்டிய அரைப்புள்ளி விட்டுப் போகிறது. எல்லா வரியிலும்.

ஜூன் 27, வெள்ளி

இன்று சொன்னவை: ஆகட்டும்.

இரண்டு எண் வாங்கிக் கூட்டிச் சொல்ல ஒரு சின்னப் பயிற்சி. முதல் எண்ணை வாங்கிக்கொள்கிறது. இரண்டாவதைக் கேட்கும்போது விழுந்துவிடுகிறது. ஒரே மாதிரி இரண்டு வரி. முதலாவது சரி, இரண்டாவது தப்பு. இது என்ன நியாயம் என்று காலையில் இருந்து முட்டிக்கொண்டேன். நடுவில் இட்லி மாவு பொங்கி வழிந்தது.

மத்தியானம் அவருக்குச் சோறு ஊட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். வரியை வாய்விட்டுப் படித்தேன். அவர் இடது கை வந்து லேப்டாப் மேல் விழுந்தது. இடம் விடும் நீளமான பட்டனை அழுத்திவிட்டது. இரண்டாவது வரியில் இருந்த சதவீதக் குறிக்கு முன்னால் ஓர் இடம் விழுந்தது. கையை எடுத்து மடியில் வைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். கூட்டிச் சொன்னது.

பிறகு தேடிப் படித்தேன். முதல் எண்ணைத் தட்டியபின் நாம் என்டர் அழுத்துகிறோம் அல்லவா, அது உள்ளேயே நிற்குமாம். அடுத்த எண்ணைக் கேட்டால் முதலில் அதுதான் கைக்கு வரும். முன்னால் ஓர் இடம் விட்டால் அதைத் தாண்டிப் போய் எடுக்கும். புதிதாகக் கற்கிறவர் எல்லோரும் தடுக்கி விழுகிற இடமாம்.

கை தவறுதலாகப் பட்டிருக்கும். அனிஷாவிடம் சொல்லவில்லை.

ஜூன் 30, திங்கள்

இன்று சொன்னவை: ஆகட்டும். ஒரு சிரிப்பு.

சிரிப்பை எழுத வேண்டுமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

நான்காம் மெஷினின் பழைய சூட்டுக் கணக்கு ஒரு வரிசையாக இருக்கிறது. அதில் கை வைக்கப் பயந்து, b = a என்று ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு நகலில் விளையாடினேன். முதல் எண்ணைச் சைபர் ஆக்கினேன். அசலிலும் சைபர். மறுபடி எடுத்தேன், மறுபடி மாற்றினேன், மறுபடியும் அசல் போயிற்று. "என்னடா இது சனியன்" என்றேன். அப்போதுதான் சிரித்தார். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு, ஆனால் சிரிப்புதான். நாலு மாதத்தில் முதல் முறை. என் தப்பைப் பார்த்துச் சிரித்தார்.

எனக்கு முதலில் கோபம் வந்தது. கல்யாணமான புதிதில் நான் கார் ஓட்டக் கற்றபோதும் இதே சிரிப்பு.

நகல் எடுத்ததாக நான் நினைத்தது நகலே இல்லையாம். ஒரே வரிசைக்கு இரண்டு பெயர் வைத்திருக்கிறேன். உண்மையில் நகல் வேண்டும் என்றால் dup என்று கேட்க வேண்டும். கேட்டேன். நகல் வேறு, அசல் வேறு ஆயிற்று.

"இதானுங்களா?" என்று காட்டினேன்.

"ஆகட்டும்" என்றார்.

ஜூலை 1, செவ்வாய்

இன்று சொன்னவை: ஆகட்டும்.

அனிஷா வந்தாள். படம் காட்டிப் பெயர் சொல்ல வைக்கிறாள். கோழியும் ஆகட்டும், குடையும் ஆகட்டும். சிரிப்பைப் பற்றிச் சொன்னேன். இடம் விடும் பட்டனைப் பற்றியும் சொல்லிவிட்டேன்.

"அவருக்குப் புரியுதுக்கா. எந்த அளவுக்குன்னுதான் தெரியல. வார்த்தை வெளிய வர்ற வழியிலதான் அடைப்பு."

"அப்புறம் ஏன் எல்லாத்துக்கும் ஒரே பதில்?"

"அதுதான் ஒண்ணே ஒண்ணு வருது. நம்ம கேக்கறோம், அவர் ஏதாவது சொல்லணும், அது வந்து விழுது. ஆமாவா இல்லையான்னு கேக்கவே கேக்காதீங்க. எதைக் கேட்டாலும் ஒரே பதில் வர்றவங்ககிட்ட அந்தக் கேள்வியே தப்பு. ரெண்டு பொருள முன்னால வெச்சு எதுன்னு கேளுங்க. தொடட்டும். அப்புறம் இடம் வலம் மாத்தி வெச்சு மறுபடி கேளுங்க. அதையே தொட்டாத்தான் கணக்கு."

காப்பி டம்ளரும் மோர் டம்ளரும் வைத்தேன். மோரைத் தொட்டார். மாற்றி வைத்தேன். மோரைத் தொட்டார். நாலு மாதமாகக் காப்பி கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

போகும்போது அனிஷா சொன்னாள், இங்கே அவளால் வாரம் இரண்டு நாள்தான் வர முடியும், கோயமுத்தூரில் இதற்கென்றே இடம் இருக்கிறது, தினமும் பயிற்சி கொடுப்பார்கள் என்று. ஹேச்சரியை விட்டுவிட்டு எங்கே போவது என்றேன்.

கோயமுத்தூர் என்றதும் ஞாபகம் வந்தது. போன வருஷம் அங்கே ஒரு கம்பெனியில் இவரை வேலைக்குக் கூப்பிட்டார்கள். "போலாமா அம்மணி?" என்று கேட்டார். குஞ்சு இறங்கும் நாள் அது. வண்டி வாசலில் நின்றது, நான் பெட்டி எண்ணிக்கொண்டிருந்தேன். "ஆகட்டுங்க, பாக்கலாம்" என்றேன். அப்புறம் அவர் கேட்கவில்லை.

மோர் தினமும் இரண்டு வேளை.

ஜூலை 2, புதன்

இன்று சொன்னவை: ஆகட்டும்.

நான்காம் மெஷினுக்கான என் பகுதி ஓடுகிறது. கடைசிப் பத்து அளவுகளைக் கூட்டிச் சராசரி எடுக்கிறது. சராசரி நூற்றிரண்டைத் தாண்டினால் மணி. மெஷின் பார்க்கும் மாரப்பன் சென்சாரை எடுத்துத் தன் டீ டம்ளருக்குள் விட்டான். மணி அடித்தது. டீயைக் கீழே ஊற்றினான். வேறு டீ போட்டுக் கொடுத்தேன்.

நானே என் முதுகைத் தட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஜூலை 4, வெள்ளி

இன்று சொன்னவை: ஆகட்டும்.

ஸ்கிரீனில் நான்காம் மெஷின் மட்டும் 99 என்று மொட்டையாக நிற்கிறது. மற்ற மூன்றும் 99.6, 99.4 என்று புள்ளியோடு. நான் எல்லாவற்றையும் int என்று வைத்திருந்தேன். அது முழு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிடும். மாரப்பன், "அரை டிகிரி எங்களுக்கு முக்கியமுங்க" என்றான்.

எல்லா int-ஐயும் ஒரே அடியாக double ஆக்கினேன். வரிசையில் எத்தனையாவது என்று எண்ணுவதற்கு வைத்திருந்ததையும் மாற்றிவிட்டேன் போல, தப்பு என்று கம்ப்யூட்டர் கத்தியது. அதை மட்டும் திருப்பினேன். 99.5 வந்தது. அழகாக இருக்கிறது.

அவர் ஆகட்டும் என்றார், இரண்டு முறை. சரி என்கிறார் என்று எடுத்துக்கொண்டு மாவு அரைக்கப் போனேன்.

ஜூலை 6, ஞாயிறு

ஒன்றும் சொல்லவில்லை. தூங்கினார். தலையணை உறை துவைத்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

இன்று சொன்னவை: ஆகட்டும். எத்தனை முறை என்று தெரியாது.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மத்தியானம் மாடியில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பெரியவர் கீழே கூடத்தில் தம்பியோடு உட்கார்ந்திருந்தார். கையெழுத்து விஷயம் பேசுவது அரைகுறையாகக் கேட்டது. "அடுத்த புதங்கெழம வக்கீலு வர்றாரு மூர்த்தி. உன்ற பேர எடுத்தர்றேன். சம்மதந்தானே?" ஆகட்டும் என்றார். பெரியவர் மேலே ஏதோ சொன்னார். ஆகட்டும். அப்புறம் ஆகட்டும், ஆகட்டும் என்று அடுக்கடுக்காக, சத்தமாக. அந்தக் குரலை நான் கேட்டிருக்கிறேன். தண்ணீர் சூடாக இருந்த அன்று.

மிளகாயை அப்படியே போட்டுவிட்டு இறங்கினேன். பெரியவர் முகம் மலர்ந்து இருந்தது.

"பாத்தயா அம்மணி, பேச்செடுத்ததும் எத்தன ஜோரா ஒத்துக்கிட்டான். மனசுக்குள்ள அவனுக்கும் இது ஒரு பாரமாத்தான் இருந்திருக்குது."

அவர் முகம் அண்ணன் பக்கம் இல்லை. நாற்காலியில் இருந்து சரிந்து, இடது கையை ஸ்கிரீனுக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தார். நான்காம் மெஷின் 103.1. மணி அடிக்கவில்லை.

ஓடினேன். உள்ளே காற்றாடியின் பெல்ட் நழுவிக் கிடந்தது. மாரப்பன் வண்டியில் டிரே ஏற்றப் போயிருந்தான். கூப்பிட்டுக் கதவைத் திறந்து வைத்து, பெல்ட்டை மாட்டி, சூடு இறங்கும்வரை அங்கேயே நின்றோம். பதினைந்து நாள் முட்டை. உள்ளே குஞ்சு உருவாகிவிட்டது. மாரப்பன் ஒரு முட்டையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தான்.

சாயங்காலம் பெரியவரிடம் சொன்னேன்.

"அவரு மெஷினப் பாத்துத்தானுங்க மாமா கத்துனாரு."

"கத்தலியே. ஆகட்டும்னான். என்ற காதால கேட்டேன்."

"எல்லாத்துக்கும் அதான வருது அவருக்கு."

"அம்மணி, உனக்கு ஆசை. இல்லேங்கல. நானும் வேண்டாத சாமி இல்ல. ஆனா நாமளா ஒண்ண நெனச்சுக்கக் கூடாது."

நாமாக ஒன்றை நினைத்துக்கொள்ளக் கூடாது என்று யார் யாருக்குச் சொல்வது. அவரைப் பெரியவர் அப்படி நினைப்பது எனக்கு எப்படியிருந்தாலும் சரிதான் என்று இந்த நோட்டில் எங்கேயோ எழுதினேன். சரியில்லை.

ஜூலை 9, புதன்

இன்று சொன்னவை: ஆகட்டும்.

மணி ஏன் அடிக்கவில்லை? போன புதன்கிழமை டீ டம்ளரில் அடித்த அதே மணி.

புரோகிராமை அவர் முன்னால் வைத்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக் காட்டினேன். சரியா தப்பா என்று கேட்கவில்லை. இரண்டு இரண்டு வரியாகக் காட்டி எது என்று கேட்டேன். பாதியில் கையை இறக்கினார். double total என்ற வரி. வேறு வரிகளோடு சேர்த்துக் காட்டினேன். மறுபடி அதே வரி.

ஐந்து நாள் முன்னால் மாற்றிய வரி. total என்பது கூட்டுத்தொகை. அதில் என்ன இருக்கிறது என்று அச்சிட்டுப் பார்த்தேன். எண்ணுக்குப் பதில் nan என்று வந்தது. எண் அல்லாதது என்று அர்த்தமாம்.

டி மொழியில் int என்று ஒன்றை வைத்துவிட்டு மதிப்பு எதுவும் கொடுக்காவிட்டால் சைபர் என்று எடுத்துக்கொள்ளும். double அப்படி இல்லை. நீ ஒன்றும் கொடுக்கவில்லை, ஆகவே என்னிடம் எண் இல்லை என்று நிற்கும். அதோடு எதைக் கூட்டினாலும் எண் இல்லைதான். என் சோம்பேறித்தனத்தை int பொறுத்துக்கொண்டது, double பொறுக்கவில்லை. ஸ்கிரீனில் தெரிந்தது அப்போதைய சூடு மட்டும், அதனால் அங்கே எல்லாம் சரியாகத் தெரிந்தது. மணி பார்ப்பது சராசரியை.

இதைவிட ஒன்று. அந்த nan-இடம் நூற்றிரண்டைவிடப் பெரிதா என்று கேட்டால் இல்லை என்கிறது. சிறிதா என்றால் அதற்கும் இல்லை. சமமா, இல்லை. உனக்கு நீயே சமமா என்றால் அதற்கும் இல்லை. என் மணி முதல் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு, இல்லை என்றதும் எல்லாம் நலம் என்று தூங்கிவிட்டது. பெரியவர் ஒரு கேள்வி கேட்டு, ஆகட்டும் என்றதும் எழுந்து போன மாதிரி.

நானும்தான். வெள்ளிக்கிழமை இரண்டு முறை ஆகட்டும் என்றாரே, அப்போதே சொல்லியிருக்கிறார். நான் மாவு அரைக்கப் போனேன்.

total-க்குச் சைபர் கொடுத்தேன். கூடவே, எண் இல்லை என்று வந்தாலும் மணி அடிக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தேன். அதைக் கேட்கத் தனியாக isNaN என்று ஒரு கேள்வியே வைத்திருக்கிறார்கள். மாரப்பன் வெந்நீர் கொண்டு வந்தான். அடித்தது. சென்சாரைப் பிடுங்கிவிட்டும் பார்த்தோம். அதற்கும் அடித்தது.

ஜூலை 11, வெள்ளி

இன்று சொன்னவை: ஆகட்டும்.

கடைசி மூன்று நாளுக்கு முட்டையைப் பொரிப்பு மெஷினுக்கு மாற்றினோம். விளக்கு வைத்துப் பார்த்ததில் நான்காம் மெஷினில் செத்தது கொஞ்சம் அதிகம். தேறும்.

அனிஷாவிடம் புதன்கிழமை வக்கீல் வருவதைச் சொன்னேன். "ஆகட்டும்னு சொன்னா அதச் சம்மதம்னு எடுத்துக்குவாங்களா?" என்று கேட்டாள். எடுத்துக்கொள்வார்கள். "அப்ப அன்னிக்கும் ரெண்டு தாள் வைங்க. ஒத்த வார்த்தை பெருசா எழுதுனா அவர் படிக்கிறார், நான் பாத்துட்டேன்."

ஒரு தாளில் இருக்கிறேன், இன்னொன்றில் விலகுகிறேன் என்று பெரிதாக எழுதி வைத்துக்கொண்டேன். மார்க்கர் மை விரலில் ஒட்டிக்கொண்டு, போகவே மாட்டேன் என்கிறது.

ஜூலை 14, திங்கள்

இன்று சொன்னவை: ஆகட்டும்.

குஞ்சு இறங்கியது. மற்ற மூன்றைவிட நான்காம் மெஷின் ஈடு கொஞ்சம் குறைச்சல், அவ்வளவுதான். பெரியவருக்கே ஆச்சரியம். "பரவால்லையே, நான் பாதி போயிருக்கும்னு நெனச்சேன்" என்றார். யார் பார்த்துச் சொன்னதால் தப்பியது என்று நான் மறுபடி சொல்லவில்லை. ஒரு குஞ்சைக் கொண்டுவந்து என் கணவர் உள்ளங்கையில் வைத்தேன். சட்டையில் ஆய் போய்விட்டது. சட்டை மாற்றினேன்.

ஜூலை 16, புதன்

வக்கீல் பத்து மணிக்கு வந்தார். நாளை ஆடி பிறந்துவிடும், பிறந்தால் ஒரு மாதம் எதுவும் நடக்காது. பெரியவர் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். மேஜை மேல் பத்திரம், பக்கத்தில் கைநாட்டுக்கு மைப் பெட்டி.

வக்கீல் பத்திரத்தை வாசித்துவிட்டு, "ஈசுவரமூர்த்தி சார், நீங்க இந்த ஹேச்சரியில இருந்து விலகச் சம்மதிக்கிறீங்களா?" என்றார்.

"ஆகட்டும்."

"அப்பறம் என்ன" என்றார் பெரியவர், மைப் பெட்டியைத் திறந்தபடி.

நான் எழுந்தேன். "இல்லீங்க மாமா. அந்தக் கேள்வி செல்லாது. இப்ப இருக்கறதுக்குச் சம்மதமான்னு கேளுங்க."

வக்கீல் என்னைப் பார்த்தார். கேட்டார். அவர் ஆகட்டும் என்றார். பெரியவர் கை மைப் பெட்டி மேல் நின்றுவிட்டது.

இரண்டு தாளையும் அவர் முன்னால் வைத்தேன். என்ன செய்யப் போகிறேன் என்று வக்கீலுக்கும் பெரியவருக்கும் சொன்னேன். பெரியவர், "கண்ணாமூச்சியா அம்மணி இது" என்றார். வக்கீல், "இருங்க, பார்ப்போம்" என்றார்.

"ஏனுங்க, எது?" என்று கேட்டேன்.

அவர் நேரம் எடுத்துக்கொண்டார். என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். விலகுகிறேன் என்ற தாளைத் தொட்டார்.

தாளை இடம் வலமாக மாற்றி வைத்தேன். விலகுகிறேன். மேலும் கீழுமாக வைத்தேன். விலகுகிறேன். நாலாம் முறை நான் வைக்கப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டார். போதும் என்று.

இருக்கிறேன் என்பதைத்தான் தொடுவார் என்று நான் நினைத்திருந்தேன். இத்தனை நாள் இத்தனை பாடும் அதற்காகத்தான். அவருக்குத் தெரியும் என்று காட்டினால் போதும், தெரிந்தவர் என்ன சொல்வார் என்பது எனக்குத் தெரியும் என்று இருந்தேன். எல்லோர் முன்னாலும் கன்னத்தில் வாங்கிய மாதிரி இருந்தது.

பெரியவர் நிலை அதைவிட மோசம். அவருக்கு வேண்டியதுதான் நடந்தது. ஆனால் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். புத்தி போன தம்பிக்குப் பொறுப்பாக இருக்கப் பத்திரத்தோடு வந்தவருக்கு, புத்தியோடு இருக்கிற தம்பி தன்னை விட்டுப் போகிறேன் என்றதும் தாங்கவில்லை.

"ஏண்டா மூர்த்தி, நான் என்னடா கொற வெச்சேன் உனக்கு?"

"ஆகட்டும்" என்றார். மெதுவாக, அண்ணன் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு. அதற்கு என்ன அர்த்தம் என்று பெரியவர் என்னைக் கேட்டார். தெரியவில்லை என்றேன். உண்மையாகவே தெரியவில்லை.

"இன்னைக்கு வேண்டாமுங்க வக்கீல் சார்" என்று பெரியவர் பத்திரத்தை மடித்தார். என் கணவர் அதைப் பிடித்து விரித்தார். மைப் பெட்டியைத் தள்ளிவிட்டு வக்கீல் சட்டைப் பையில் இருந்த பேனாவைக் காட்டினார். இடது கையால், கோழி கிளறிய மாதிரி, நேரம் எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

இன்று சொன்னவை மேலே இருக்கின்றன.

ஜூலை 17, வியாழன், ஆடி ஒன்று

காலையில் ஆடிப் பிறப்புக்குத் தேங்காய் சுட்டோம். பெரியவர் வீட்டில் இருந்தும் ஒன்று கொடுத்து அனுப்பியிருந்தார். கூடவே, கம்பெனிக்காரனை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அந்தப் புரோகிராமே இருக்கட்டும், எங்கிருந்தாலும் நீ பார்த்துக்கொள் அம்மணி என்று சொல்லியனுப்பியிருந்தார்.

நான் என் கணவரோடு பேசவில்லை. பேசாமல் இருப்பது அவருக்குத் தெரிந்ததா என்றும் தெரியவில்லை. சாப்பாடு போட்டேன், மோர் கொடுத்தேன், மருந்து கொடுத்தேன். லேப்டாப்பைத் திறந்து ஒன்றுமே இல்லாத ஒரு வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் மேஜை மேல் கிடந்த நேற்றைய தாள்களை இழுத்தார். தூக்கிப் போட வேண்டும் என்கிறார் என்று நினைத்து வாங்கப் போனேன். கொடுக்கவில்லை. ஒற்றைக் கையால் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி, எழுத்து என் பக்கம் இருக்கும்படி வைத்தார். இருக்கிறேன். விலகுகிறேன். வைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எதைக் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. போன வருஷம் வாசலில் வண்டி நின்றபோது கோயமுத்தூர் போலாமா என்று கேட்டாரே, அதுதான்.

இன்று சொன்னவை: ஆகட்டும். சொன்னது நான்.

அவர் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. இரண்டு தாளையும் இடம் வலமாக மாற்றி வைத்து, விரலால் மேஜையைத் தட்டினார்.

விலகுகிறேன் என்பதைத் தொட்டேன். மறுபடி மாற்றி வைத்தார். மறுபடியும் அதையே தொட்டேன்.